நெல்லுக்கு நுண்ணுயிர் உரம்: எங்கே தவறு நடக்கிறது?

அசோஸ்பைரில்லம் போட்டேன், பாஸ்போபாக்டீரியா போட்டேன், பயிரில் ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. முதலாவது காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் பாக்டீரியா, இரண்டாவது மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாக்டீரியா. பெரும்பாலும் வயலுக்குள் போகும் முன்பே அந்தப் பாக்டீரியா செத்துப்போயிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் கோடை முழுவதும் கிடந்த பொட்டலத்தில் மிஞ்சுவது வெறும் நிலக்கரித் தூள்தான். வாங்கும்போது விலைக்கு முன் தயாரித்த தேதியைப் பாருங்கள். தூளாக வருவது சுமார் 6 மாதம் தாங்கும், திரவமாக வருவது ஏறக்குறைய ஓராண்டு. வீட்டில் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பூச்சிமருந்து அடுக்கிய அலமாரி ஆகாது.

விதைநேர்த்தியில் நடப்பது இன்னும் மோசம். கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்த கையோடு அதே விதையில் நுண்ணுயிர் உரத்தையும் கலக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நோய்தான் பயம் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நோய் தடுக்கும் பாக்டீரியா போதும். அது அசோஸ்பைரில்லத்தோடு ஒத்துப்போகும், ஒரே நீரில் சேர்த்து ஊறவைக்கலாம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிடாமல் நாற்றங்காலில் ஊற்றுங்கள்.

நாற்றின் வேரை நனைப்பதைப் பலர் சடங்காக்கிவிட்டார்கள். நாற்று முடியைத் தண்ணீரில் முக்கி உடனே எடுத்து வீசினால் வேரில் என்ன ஒட்டும்? ஹெக்டேருக்கான நாற்றுக்கு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டிலும் தலா 1 கிலோவை 40 லிட்டர் நீரில் கரைத்து, வேர் மூழ்க 15 முதல் 30 நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். நடவு ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்கு நாற்றுப் பறிக்கும்போதே, வரப்போர நிழலில் தொட்டியைத் தயார்செய்துவிட்டால் போயிற்று.

நடவு வயலுக்கு ஹெக்டேருக்கு இரண்டிலும் தலா 2 கிலோவை 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து நடவுக்குச் சற்று முன் தூவ வேண்டும். கூலி மிச்சம் என்று யூரியா, டிஏபி போன்ற ரசாயன உரங்களோடு கலந்து வீசினால் கூலி மட்டும்தான் மிச்சம்.

மண்ணில் தழைச்சத்து அளவுக்கு மீறிக் கிடந்தால் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதை நிறுத்திக்கொள்ளும். அதற்காக யூரியாவை அறவே நிறுத்துவதும் தவறு. கால்பங்கு குறைக்கலாம், அவ்வளவே. ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் பயறு வகைக்கானது, நெல்லுக்கு வாங்காதீர்கள். நீர் தேங்கிய வயலில் வேருக்குள் வளர்ந்து பயிருக்குச் சத்து சேர்த்துத் தரும் பூஞ்சையான வேர் உட்பூசணமும் பெரிதாக எடுபடாது.

நீரில் மிதக்கும் சிறு பெரணியான அசோலாவின் கதை வேறு. நட்ட 3 முதல் 5 நாளில் ஹெக்டேருக்கு 250 கிலோ விட்டு, பச்சைக் கம்பளம்போல் பரவியதைப் பார்த்து மகிழ்ந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது பிடித்துவைத்த தழைச்சத்தில் பெரும்பகுதி அது மக்கிய பிறகுதான் நெல்லுக்குக் கிடைக்கும். களையெடுக்கும்போது மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கிவிடுங்கள்.