'இவ்வளவாய்' என்றால் எவ்வளவு? தேவ அன்பைப் பற்றிய வசனங்களில் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் வேதம் வாசிக்கக் கூடுகிறோம். பெரியவர்கள் கையில் பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க நண்பர் கையில் 1995இல் வந்த திருவிவிலியம். பிள்ளைகளிடம் கைப்பேசி. இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த அக்கா ஒருவர் கன்னட வேதாகமத்தோடு வருவார். இந்தக் கூட்டத்தில் அதிகமாகத் தவறியவன் நான்தான். ஆகவே கீழே வருவதில் பாதி என் சொந்தக் கணக்கு.

யோவான் 3:16இல் தொடங்குகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் எடுத்த காலத்தில், "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்ற இடம் வந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். பிள்ளைகளும் பக்கத்திலிருப்பவன் மூக்கில் இடிக்கும்படி விரிப்பார்கள். கன்னடத்திலும் "எஷ்டோ பிரீதி" என்றுதான் இருக்கிறது என்று அக்கா சொன்னபோது எனக்கு இன்னும் தைரியம் வந்தது. ஆனால் அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் 'ஹூடோஸ்'. பெரும்பாலும் 'இப்படி, இவ்விதமாக' என்ற பொருளில் வரும் சொல் அது. இரண்டு வசனம் முன்னால் அதே சொல் வருகிறது: வனாந்தரத்தில் மோசே சர்ப்பத்தை உயர்த்தியது போல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் என்கிற இடத்தில். எண்ணாகமம் 21இல் அந்தக் கதை இருக்கிறது. முறுமுறுத்த ஜனங்களைப் பாம்புகள் கடித்தன. கம்பத்தில் தூக்கிய வெண்கலப் பாம்பை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். 'எவ்வளவு' என்று அளக்கும் முன்பு 'எப்படி' என்று கேட்கச் சொல்கிறது யோவானின் வாக்கியம். தம் ஒரே குமாரனைத் தந்தருளினார், அப்படித்தான் அன்புகூர்ந்தார்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவும் முடியாது. அதில் "தந்தருளி" முதலில் வருகிறது; "இவ்வளவாய்" அதற்குப் பின்னால் வந்து அந்தத் தருதலையே சுட்டுகிறது. நாம்தான் கடைசித் துண்டை மட்டும் கிழித்து ஆட்டோவின் பின்புறம் ஒட்டிவிட்டோம்.

அடுத்தது, பழைய ஏற்பாட்டில் கோபம், புதிய ஏற்பாட்டில் அன்பு என்று பாகம் பிரிப்பது. கூட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரி மாணவன் இதை ஆதாரத்தோடு சொன்னான். கைப்பேசியில் 'அன்பு' என்று தேடினானாம், பழைய ஏற்பாட்டில் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லையாம். கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. எபிரெயத்தில் 'ஹெசெத்' என்று ஒரு சொல் உண்டு. உடன்படிக்கை செய்தவன், எதிராளி வாக்கு மாறினாலும் தான் மாறாமல் நிற்பது அது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைப் பெரும்பாலும் 'கிருபை' என்று தருகிறது. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. கத்தோலிக்க நண்பர் தம் புத்தகத்தைத் திறந்து அதே இடத்தை வாசித்தார்: "என்றும் உள்ளது அவரது பேரன்பு." மாணவன் தேடிய சொல் அங்கே 26 முறை வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சொல்லை விட்டுப் படத்தைத் தேடினால் இன்னும் கிடைக்கும். ஓசியா 11இல் கடவுள் பேசுவது, குழந்தையைக் கைபிடித்து நடக்கப் பழக்கிய தகப்பனின் பேச்சு. அந்தக் குழந்தை வளர்ந்து முகம் திருப்பிக்கொண்ட பின்பு வரும் பேச்சு என்பதால்தான் அதில் அவ்வளவு வலி. ஏசாயா 49:15இல் பால்குடிக்கும் பிள்ளையைத் தாய் மறப்பாளோ என்ற கேள்வி. அவள் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்ற பதில். யோனாவின் கடைசி வசனம் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரி நகரமான நினிவேயில் வலது கை இடது கை தெரியாத 1,20,000க்கு மேற்பட்ட மனிதர்களுக்காகப் பரிதாபப்படும் கடவுள், "அநேக மிருகஜீவன்களும்" இருக்கின்றனவே என்று கூடவே சேர்த்துக்கொள்கிறார்.

இதனாலேயே கடினமான இடங்களைத் தாண்டி ஓடவும் கூடாது. எகிப்தின் தலைப்பிள்ளைகள் சங்கரிக்கப்பட்டதும் அதே 136ஆம் சங்கீதத்தில், அதே பல்லவியோடு வருகிறது. அன்றைக்கு எங்கள் மாடியில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அதற்கு நான் ஒரு விளக்கம் தயாரித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒன்று: அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களில் 'அகாபே' என்றால் நிபந்தனையற்ற தெய்வீக அன்பு, 'பிலியா' என்றால் வெறும் நட்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 2 தீமோத்தேயு 4:10இல் இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலைக் கைவிட்டுப் போன தேமாவின் ஆசைக்கும் அகாபேயின் வினைச்சொல்தான் வருகிறது. 2 சாமுவேல் 13இல் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த அம்னோனின் மோகத்துக்குப் பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் அதையே பயன்படுத்துகிறது. மறுபக்கம், பிதா குமாரனை நேசிக்கிறார் என்று யோவான் 5:20 சொல்லும்போது பிலியாவின் வினை வருகிறது. அன்பின் தரத்தைச் சொல்லில் தேடாமல், யார் யாருக்காக என்ன செய்தார் என்பதில் தேட வேண்டும்.

"தேவன் அன்பாகவே இருக்கிறார்" (1 யோவான் 4:8) என்பதை 'அன்பே கடவுள்' என்று திருப்பிப் போடுவதும் வழக்கம். திருமூலரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இயல்பாக வருகிறது. திருமூலர் தம் வழியில் சொன்னதை அங்கே வைத்துப் படிக்கலாம். யோவானின் கிரேக்க வாக்கியம் அப்படித் திரும்பாது, எழுவாய் கடவுள்தான். அடுத்த இரண்டு வசனங்களில் அந்த அன்பு எதனால் வெளிப்பட்டது என்று அவரே சொல்லிவிடுகிறார்: குமாரனை அனுப்பினதினால்.

இனி வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வரும், ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட அட்டைகளில் ஒன்றைப் புது வருஷத்துக்கான வாக்குத்தத்தமாக எடுப்போம். ஒரு நண்பருக்கு எரேமியா 29:11 வந்தது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." மார்ச் மாதம் அவருக்கு வேலை போயிற்று. "அட்டை பொய்யா, அன்பு பொய்யா?" என்று கேட்டார். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அட்டையில் அச்சிடாத பத்தாம் வசனத்தைக் காட்டினேன். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறிய பின்புதான் திரும்பி வருவீர்கள் என்று அங்கே இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்றான்; அவன் கள்ளத் தீர்க்கதரிசி. நம்முடைய அட்டைகள் சில வேளைகளில் அனனியாவின் குரலில் பேசுகின்றன.

அந்தக் கடிதம் 70 வருஷத்துக்கு என்ன செய்யச் சொல்கிறது? வீடு கட்டு, தோட்டம் போடு, வந்து சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணு. பிழைப்புக்காக ஓசூர் தாண்டி வந்து மூன்று தலைமுறையாகியும் 'எங்கள் ஊர்' என்று திருநெல்வேலியைச் சொல்லும் நம்மவர்களுக்கு, 29:11ஐவிட 29:7 பொருத்தம் என்பேன். நண்பருக்கு அன்று அது ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பிற்பாடு வேலை கிடைத்தது, பழைய சம்பளம் கிடைக்கவில்லை. அட்டை இன்னும் அவர் வேதத்துக்குள் இருக்கிறது.

கோபக்காரப் பிதாவை இயேசு சமாதானப்படுத்தினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் விட்டுவிடலாம். சிலுவையில் தம்முடைய அன்பை விளங்கப்பண்ணுகிறவர் தேவனே என்கிறது ரோமர் 5:8, அதுவும் நாம் பாவிகளாயிருக்கையில்.

கடைசியாக லூக்கா 15. 'கெட்ட குமாரன்' என்று தலைப்பு வைத்துப் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறோம். தகப்பன் இரண்டு முறை வெளியே வருகிறான். முதல் முறை, தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவரும் இளையவனைத் தூரத்தில் கண்டு ஓடுகிறான். இரண்டாவது முறை, கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கும் மூத்தவனிடம் வந்து வருந்தி அழைக்கிறான். பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்களுக்குச் சொன்ன கதை என்பதால் இந்த இரண்டாவது வருகை முக்கியம். மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் அவரவர் வீட்டில் மூத்த பிள்ளைகள். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று மூவரும் இரவு பத்து மணிவரை வாதாடினார்கள். நான் கடைக்குட்டி. வாயைத் திறக்கவில்லை.