ஸ்பேசருக்கு ஈடாக ஓர் அரை லிட்டர் பாட்டில்

ஆஸ்துமாவுக்கு அழுத்தித் தெளிக்கும் இன்ஹேலரைப் பயன்படுத்தும் பிள்ளைக்கு ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் கூடு) வாங்க இயலாவிட்டால், 500 மில்லிலிட்டர் குளிர்பானப் பாட்டிலைச் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் உலரவிட்டு, அதன் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்துமாறு துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்து, பசை நன்கு காய்ந்தபின் பாட்டிலின் கழுத்து வழியாக மூச்சை இழுக்கச் செய்யலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் பகுதி வீடுகளில் இப்பாட்டிலுக்குப் பஞ்சமில்லை.

நேரடியாகத் தெளித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும்; பாட்டிலுக்குள் வேகம் தணிந்து, பெரிய துளிகள் சுவரில் தங்கிவிட, நுண்துளிகள் மூச்சுக்குழாயின் கிளைகள்வரை செல்கின்றன. கேப்டவுன் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இது கடை ஸ்பேசருக்கு ஈடாகவே பயனளித்தது. அதே ஆய்வில் சோதித்த பாலிஸ்டைரீன் (தெர்மகோல்) கோப்பைதான் தேறவில்லை.

பொடி இன்ஹேலருக்கு இம்முறை பொருந்தாது. முகமூடி தேவைப்படும் கைக்குழந்தைக்கும் உதவாது. மருந்துக்குப் பின்னும் திணறல் தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.