ரியோகானில் இரண்டு இரவு

ஜப்பானில் கொஞ்சம் தாராளமாகச் செலவழித்துச் சுற்ற நினைப்பவர்கள், எல்லா இரவுகளையும் டோக்கியோவின் உயரமான ஹோட்டல்களிலேயே கழித்துவிடாதீர்கள். கியோட்டோவிலோ ஹகோனேயிலோ ரியோகான் என்னும் மரபான விடுதியில் இரண்டு இரவாவது தங்குங்கள். கைசெகி என்னும், பல சிறு தட்டுகளாக வரும் மரபான விருந்தைப் பல இடங்களில் அறைக்கே கொண்டுவருவார்கள். உள்ளங்கை அகலத் தட்டில் ஒரு மேப்பிள் இலை, அதன் பக்கத்தில் இரண்டே துண்டு மீன். சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். காய்கறி வேகவைத்த சாற்றில்கூடப் பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்த தாஷி இருக்கும். மாலை 5 மணிக்குள் போய்ச் சேருங்கள், இரவு உணவு சீக்கிரமே தொடங்கிவிடும்.

பெரிய பெட்டிகளை முந்தைய நாளே கூரியரில் அனுப்பிவிடுங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், கிரீன் கார் என்னும் முதல் வகுப்புப் பெட்டி என்றால் டி இருக்கையைக் கேளுங்கள். புறப்பட்டுச் சுமார் 45 நிமிடத்தில், வானம் தெளிந்திருந்தால், வலப்பக்க ஜன்னல் நிறைய ஃபூஜி மலை.