புராண வழி வந்த மிகுபுனைவு நாவலை எடைபோடுவது எப்படி?

புராணத்தையோ இதிகாசத்தையோ அடியொற்றி எழுதப்பட்ட மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்களைப் பற்றி வாசகர்கள் சொல்லும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு சாரார் நாவலாசிரியர் மூலத்தைக் கெடுத்துவிட்டார் என்பார்கள். மறு சாரார் மூலத்தில் இல்லாததைத் துணிந்து எழுதிவிட்டார் என்று மெச்சுவார்கள். இரண்டு கூற்றிலும் நாவல் மூலத்திலிருந்து விலகியிருக்கிறது என்ற தகவல் மட்டுமே இருக்கிறது. அந்த விலகலின் விளைவுகளை நாவல் கடைசிப் பக்கம் வரை சுமந்ததா என்று பார்த்தால்தான் அது மதிப்பீடாகும். அப்படிப் பார்ப்பதற்கு நான் பின்பற்றும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

மூலம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் வாசகர்களின் கோபத்தில் பாதி இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறது. இலக்குவன் பர்ணசாலையைச் சுற்றிக் கோடு கிழித்த காட்சி வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. பாஞ்சாலி துச்சாதனனின் குருதியைப் பூசாமல் கூந்தல் முடியமாட்டேன் என்று சபதமிடும் காட்சியைத் தெருக்கூத்தும் பாரதியும் நமக்கு அவ்வளவு ஆழமாகப் பதித்துவிட்டதால், அது இல்லாத நாவலைப் படிக்கும்போது எதையோ திருடிவிட்டதாகத் தோன்றுகிறது. கிரேக்கக் கதைகளிலும் இதே நிலைதான். டிராய்ப் போரின் கிரேக்க வீரன் அக்கிலீசின் குதிகால் மட்டும் அம்பு துளைக்கும்படி விடப்பட்டது என்ற செய்தி ஹோமரின் இலியட்டில் கிடையாது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் எழுதிய காவியத்தில் அவன் தாய் அவனை ஸ்டிக்ஸ் ஆற்றில் நனைத்த செய்தி வருகிறது. மரக்குதிரையைத் தேடி இலியட்டைப் புரட்டுகிறவரும் ஏமாந்துபோவார், ஏனெனில் அந்தக் காவியம் டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது.

அகலிகை கதையை ஒரு பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். வால்மீகியின் பால காண்டத்தில், வந்திருப்பவன் இந்திரன் என்று அறிந்தே அகலிகை இணங்குகிறாள். பிறகு யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்கும்படி சபிக்கப்படுகிறாள். கம்பனில் அவள் கல்லாகிறாள், இராமனின் காற்பொடி பட்டு எழுகிறாள். 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய 'சாப விமோசனம்' சிறுகதையில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டதும் அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணப் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று கதையின் தொடக்கத்திலேயே அவர் எழுதிவைத்தார். சாபம், கல், மீட்சி ஆகிய கம்பனின் பொருள்களையே அவர் கையாண்டிருப்பதையும், புதிதாக ஒரு மாயத்தைக்கூடச் சேர்க்காமல் இருக்கும் மாயத்தை இரண்டாம் முறை நிகழவிட்டிருப்பதையும் கவனியுங்கள். அகலிகை கதையின் இம்மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்துப் படிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்து, நாவல் மூலத்தில் செய்திருக்கும் மையமான மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் ஒன்று நீங்கள் சரியாகப் படிக்கவில்லை, அல்லது நாவலாசிரியருக்கே தாம் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை; பின்னதுதான் அடிக்கடி நடக்கிறது. எம்.டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்' நாவலில் பீமன் வாயுவின் மகன் அல்ல, காட்டிலிருந்து காற்றைப்போல் வந்த ஒருவனுக்குப் பிறந்தவன். இந்த ஒரு மாற்றத்தால் அவன் உடல் வலிமை தெய்வம் தந்த வரமாக இல்லாமல் போகிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் எப்போதும் இரண்டாவதாகவே நிற்கும் மனிதனின் மனக்காயம் ஒவ்வொரு போரிலும் ஒவ்வொரு வெற்றியிலும் உடன் வருகிறது. மாற்றத்துக்கான விலையை நாவல் தவணை தவறாமல் கட்டிக்கொண்டே போகிறது. அர்சுலா லெ குவின் 2008இல் வெளியிட்ட 'லவினியா'வையும் இவ்வாறே அணுகலாம். வர்ஜிலின் காவியத்தில் ஒரு வார்த்தையும் பேசாத இளவரசியைக் கதைசொல்லியாக்கி, அவளைப் படைத்த கவிஞரின் ஆவியோடு அவளை உரையாடவும் வைத்திருக்கிறார் லெ குவின். தான் ஒரு கவிதைக்குள் மட்டுமே இருப்பவள் என்று தெரிந்த பெண் எப்படி வாழ்வாள் என்ற கேள்வி அதன்பின் நாவலை விட்டு அகல்வதேயில்லை.

மூன்றாவதாகச் சொல்லப்போவதைத்தான் நான் எல்லாவற்றினும் முக்கியமானதாகக் கருதுகிறேன்: நாவல் அற்புதங்களை, அதாவது வரம், சாபம், மாயம், தெய்வத் தலையீடு ஆகியவற்றை, என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் அற்புதம் நிகழும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி இட்டுக்கொண்டு, அந்த அற்புதத்தால் யாருக்கு என்ன இழப்பு ஏற்பட்டது என்று ஓரத்தில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். மகாபாரதத்தில் இழப்பில்லாத வரமே கிடையாது. குந்திக்குக் கிடைத்த மந்திரம் கர்ணனை ஆற்றில் விடச் செய்தது, பீஷ்மர் விரும்பியபோது இறக்கலாம் என்ற வரம் அவரை அம்புப் படுக்கையில் காத்துக் கிடக்க வைத்தது. இந்தக் கணக்கு தெரியாமல் எழுதப்படும் மிகுபுனைவில் மந்திரங்கள் வெறும் ஆயுதக் கிடங்காகிவிடுகின்றன.

மேட்லின் மில்லர் 2018இல் எழுதிய 'சர்சி' இந்தக் கணக்கை நன்கு அறிந்த நாவல். ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியின் பத்தாம் பகுதியில் மனிதர்களைப் பன்றிகளாக்கும் தீவுச் சூனியக்காரியாக மட்டுமே நாம் பார்க்கும் சர்சிக்கு, மாயவித்தை இந்நாவலில் கைவருவது மூலிகை பறித்து, உலர்த்தி, இடித்து, பலமுறை தோற்று, மீண்டும் தொடங்கும் உழைப்பின் வழியாகத்தான். ஏன் பன்றிகளாக்கினாள் என்பதற்கு ஹோமர் காரணம் சொல்லவில்லை. நாவல் சொல்லும் காரணம் கொடூரமானது. அதைப் படித்தபின் அந்தப் பழைய காட்சியை முன்போல் வேடிக்கையாகப் பார்க்க முடியாது.

அற்புதத்துக்கு அறிவியல் விளக்கம் தரும் நாவல்களிடம் எனக்கு ஐயம் அதிகம். 2010இல் வெளிவந்த அமீஷின் 'மெலூஹாவின் அமரர்கள்' சிவனைத் திபெத்திலிருந்து வரும் குடித்தலைவனாகவும் சோமரசத்தை ஆயுளை நீட்டிக்கும் மருந்தாகவும் காட்டுகிறது. கதை விரைவாக ஓடுகிறது, சாகச நாவலுக்குரிய சுவை குறைவில்லாமல் இருக்கிறது. ஆனால் மருந்து வேலை செய்யும் விதத்தை விளக்கத் தொடங்கும்போது வேதியியல் வகுப்பில் அமர்ந்த உணர்வு வந்துவிடுகிறது, நீலகண்டன் என்ற பெயருக்குரிய திகைப்பும் தேய்ந்துபோகிறது. இதற்கு மாற்றாக எஸ்.எல். பைரப்பாவின் 'பருவம்' நாவலை வைத்துப் பாருங்கள். பாவண்ணனின் தமிழாக்கத்தில் கிடைக்கிறது. அது மிகுபுனைவே அல்ல, அற்புதங்களை முழுவதுமாக உரித்தெறிந்த நாவல். அதில் தேவர்கள் மலைநாட்டு மக்கள். பாண்டவர்கள் நியோகத்தில், அதாவது கணவனின் இசைவோடு வேறொருவர் மூலம் பிள்ளை பெறும் பழைய வழக்கப்படி, பிறந்தவர்கள். தெய்வத் தந்தையர் இல்லாமல் போனதும், இவர்கள் பாண்டுவின் பிள்ளைகள்தானா, அரசுரிமை இவர்களுக்கு உண்டா என்ற கேள்வி உயிருள்ள அரசியல் வழக்காக எழுந்து போருக்கே காரணமாகிறது. அற்புதத்தை எடுத்த இடத்தில் அதைவிடக் கனமான ஒன்றை வைத்ததால் பைரப்பாவின் விளக்கம் நிற்கிறது.

யார் கதை சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மில்லரின் முந்தைய நாவலான 'அக்கிலீசின் பாடல்' முழுவதையும் அக்கிலீசின் நெருங்கிய தோழன் பட்ரோக்ளஸ் சொல்கிறான், அவனோ கதை முடியும் முன்பே கொல்லப்படுகிறவன். இறந்தபின்னும் அவன் குரல் தொடர்வதைத் தந்திரம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இலியட்டின் இருபத்து மூன்றாம் பகுதியில் பட்ரோக்ளஸின் ஆவி அக்கிலீசிடம் வந்து தன்னைச் சீக்கிரம் அடக்கம் செய்யும்படி கேட்கிறது என்பதை அறிந்தவருக்கு, அந்தக் குரல் மூலத்திலிருந்தே முளைத்தது என்பது விளங்கும்.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழங்காலத்துப் பாத்திரங்கள் இன்றைய பேச்சில் உரையாடுவது தன்னளவில் குற்றமல்ல, ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் செய்யுள் வாடையோடும் அடுத்த பக்கத்தில் அலுவலகத் தொனியிலும் பேசுவதே குற்றம். மகாபாரதத்தை நாவல் வரிசையாக மறுபடி சொல்லும் ஜெயமோகனின் 'வெண்முரசு' வடசொற்களைப் பெரிதும் தவிர்த்த தனி நடை ஒன்றை உருவாக்கிக்கொண்டது. 2014 முதல் 2020 வரை நாள்தோறும் வெளியான அதன் 26 நாவல்களையும் பார்த்து மலைக்கிறவர்கள், அம்பையின் கதையைச் சொல்லும் 'முதற்கன'லை மட்டும் படித்துவிட்டுத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். அந்த நடைக்குக் காது பழகுவதற்கு ஐம்பது பக்கங்களாவது பிடிக்கும்.

மூலத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் நாவலைத் தொட வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. கிரேக்கக் கதையென்றால் நாவலை முதலில் படித்துவிட்டு, அதற்குரிய காவியப் பகுதியை மட்டும் பிறகு தேடிப் படிப்பது நல்லது. மகாபாரதக் கதை நம் எல்லோருக்கும் ஏறத்தாழத் தெரியும் என்பதால் வரிசை முக்கியமல்ல. ஐயம் வரும் இடத்தில் மட்டும் சரிபார்த்தால் போதும். இராஜாஜியின் 'வியாசர் விருந்து' கதைப்போக்கை நினைவுபடுத்திக்கொள்ள உதவும், ஆனால் சுருக்கம் என்பதால் சான்றாக அதைக் காட்டக் கூடாது. மகாபாரதத்தின் முழுத் தமிழாக்கமான கும்பகோணம் பதிப்பையோ, கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒட்டித் தமிழில் வந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முழு மகாபாரதத்தையோ பார்ப்பதே முறை.

கருத்தை எழுத அமரும்போது, மூலக்கதையின் எந்தப் பாடத்தை, அதாவது எந்த வடிவத்தை, மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். தொலைக்காட்சித் தொடர்தான் உங்கள் பாடம் என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லலாம். நாவல் உங்கள் பக்தியைப் புண்படுத்தியிருந்தால் அதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள், நாவலின் கட்டமைப்புக் குறையாக வேடமிட்டு எழுத வேண்டாம். பிறகு நீங்கள் கண்டுபிடித்த மைய மாற்றத்தை எழுதி, அது சறுக்கிய ஓர் இடத்தையும் நிலைத்து நின்ற ஓர் இடத்தையும் நாவலின் சொற்களோடு காட்டுங்கள். பல பாகங்களாக வரும் நாவலின் முதல் பாகத்தை மட்டுமே படித்திருந்தால் அதையும் குறிப்பிட்டுவிடுங்கள், ஏனெனில் முதல் பாகத்தில் கொடுக்கப்படும் வரம் யாரிடம் விலை கேட்கப்போகிறது என்பது பெரும்பாலும் கடைசிப் பாகத்தில்தான் தெரியவரும்.