எல்லைப்புறத்து நாவலை ஏஜென்ட்டுக்கு அனுப்பும் முன்

தமிழ்ப் பதிப்பகத்துக்கு நாவல் கொடுக்க ஏஜென்ட் வேண்டியதில்லை, பிரதியை நேரே அனுப்பலாம். அதே நாவல் ஆங்கிலத்தில் வரவேண்டும், வெளிநாட்டிலும் போகவேண்டும் என்றால்தான் எழுதியவர் சார்பில் பதிப்பகங்களோடு பேசிப் புத்தகத்தை விற்றுத்தரும் இலக்கிய ஏஜென்ட்டைத் தேட வேண்டிவரும். கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எழுதுகிற இளையவர்கள் சிலர் இப்போது அந்த முயற்சியில் இருக்கிறார்கள். கடிதம் எப்படி எழுதுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடிதம் அப்புறம், முதலில் பிரதியைத் திருத்துங்கள் என்பேன். ஒருமுறை வேண்டாம் என்று சொன்ன ஏஜென்ட் அதே நாவலை மறுபடி வாங்கிப் பார்ப்பது அபூர்வம்.

திருத்தத்தைப் பேச்சிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்ப் பேச்சில் கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். மாதக்கணக்கில் எழுதும்போது அந்தக் கலவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறிவிடும். தொடக்கத்தில் 'வாரனுங்க' என்ற பாட்டி, பாதியில் 'வர்றேம்பா' என்பார். இதைப் பிடிக்க, அந்த ஒரு பாத்திரத்தின் வசனங்களை மட்டும் நாவல் முழுக்கத் தேடி எடுத்துத் தனி ஃபைலில் போடுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். பாட்டி வீட்டில் ஒருவிதமாகவும் வில்லேஜ் ஆபீசில் வேறுவிதமாகவும் பேசலாம். மூன்றாவதாக ஒரு விதம் காதில் விழுந்தால், அந்த இடத்தில் பேசுவது நீங்கள். அதை மாற்றிவிடுங்கள். கதை சொல்லும் நடை மட்டும் எளிய பொதுத்தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் பிடி கிடைக்கும்.

அடுத்தது காலம். 1955-ல் நடக்கும் கதையென்றால் சித்தூர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடு நகரமோ மெட்ராஸ் ராஜ்யத்து மலபார் ஜில்லாவில். 1956 நவம்பர் 1-ல்தான் இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. சித்தூர் விவசாயியை மனுவோடு மெட்ராஸ் கோட்டைக்கு அனுப்பிவிடாதீர்கள். பஸ் டிக்கெட்டும் அணாவில்தான் இருக்கவேண்டும், நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. தண்ணீர்ச் சண்டையை எழுதுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல். சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்பது அந்த ஒப்பந்தக் கணக்கு. 1965-ல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் 'அக்ரிமென்ட்ல இருக்குதுல்ல' என்று சொல்லக்கூடாது. ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் போகலாம். ஆனால் இந்தத் தண்ணீரை நம்பி நெல் வைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை இது.

பிரதி சரியானதும் உரிமையைப் பாருங்கள். தமிழில் ஏற்கெனவே புத்தகமாக வந்திருந்தால், பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது? 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தரமுடியும். காலவரை குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். மொழிபெயர்ப்பாளர் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாவல் முழுவதையும் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் 30-50 பக்கம் நன்றாக அமைந்தால் பேச்சைத் தொடங்கலாம். பிடித்த இடங்களைப் பொறுக்கி அனுப்பாதீர்கள், தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக இருக்கவேண்டும்.

இனி கடிதம். ஒரு பக்கம், ஏறக்குறைய 300 சொல். 'எல்லையோர மக்களின் வாழ்வியலைச் சித்தரிக்கும் நாவல்' என்றால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்படிப் பாருங்கள்: 'தென்னந்தோப்பைக் கள்ளுக்காகக் குத்தகைக்கு விட்ட விதவை ஒருத்தி, வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் அதைத் திரும்பக் கேட்கிறாள். குத்தகைக்காரன் மறுக்கிறான். அவள் மகன் அவன் பக்கம் நிற்கிறான்.' யார், என்ன கேட்கிறாள், குறுக்கே நிற்பது யார் என்று மூன்றும் வந்துவிட்டன. இதற்குப் பிறகு நாவலின் நீளம், உங்களைப் பற்றி இரண்டு மூன்று வரி. நீளத்தை ஆங்கிலக் கணக்கில் சொல்லுங்கள். தமிழில் 60,000 சொல் ஆங்கிலத்துக்குப் போனால் நன்றாகவே கூடும்.

கதைச்சுருக்கம் தனித்தாளில், ஒன்று இரண்டு பக்கத்துக்குள். முடிவை மறைக்கக்கூடாது. தோப்பு யாருக்குப் போனது என்பது அதில் இருக்கவேண்டும்.

படித்துப் பார்க்கவே பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். முறையான ஏஜென்ட் புத்தகம் விற்ற பிறகு தன் பங்கை எடுத்துக்கொள்வார், 15 சதவீதம் பொதுவான அளவு. ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார்களோ அதை மட்டும், கேட்ட வடிவத்தில் அனுப்புங்கள். ஒரே சமயத்தில் ஐந்தாறு பேருக்கு அனுப்பலாம், கடிதத்தில் அதைச் சொல்லிவிட்டால் போதும். யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பக்கம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு நினைவூட்டல். யாராவது ஒருவர் சரி என்றால், ஒப்புக்கொள்வதற்கு முன் மற்றவர்களுக்கும் தெரிவித்து, பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள்.