எண்ணூர்க் கடற்காற்றில் வீட்டுக்கு ஒரு சின்னக் காற்றாலை

தண்டையார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்பு, ஃபேன், கம்ப்ரசர் என்று காயில் சுற்றுவதுதான் தொழில். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எண்ணூர் தாழங்குப்பத்தில் இருக்கும் என் மச்சான், "இவ்ளோ காத்து அடிக்குது மாமா, ரெண்டு லைட்டாவது எரிய வெக்க முடியாதா?" என்று கேட்டான். முடியும். அவன் வீட்டுப் பக்கத்தில் இன்று நிற்கும் 1.8 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஜெனரேட்டருக்கான காந்தம் வாங்கக் கிளம்புவதற்கு முன் காற்றின் வேகத்தை அளந்து பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1.8 மீட்டர் விசிறி சுமார் 2.5 சதுர மீட்டர் பரப்பைச் சுற்றி வருகிறது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்தப் பரப்பைக் கடக்கும் சக்தி 190 வாட். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்த விசிறியாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வீட்டில் செய்த இயந்திரத்தில், எல்லா இழப்பும் போக, பேட்டரிக்கு 40 வாட் வந்தால் நல்ல வேலை. 3 மீட்டர் காற்றில் பத்து வாட்டுகூடத் தேறாது.

வடசென்னையில் கோடை மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி, மாலை வரை ஓரளவு சீராக அடிக்கும். ஆனால் அது கடலைப் பார்த்த முதல் வரிசைக்குத்தான். வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்புச் சந்துகளுக்குள் வருவதற்குள் மாடிகளில் மோதிச் சுழல் காற்றாகிவிடுகிறது. சுழல் காற்றில் விசிறி நிலையாக ஓடாது, தாங்கிகள்தான் (பேரிங்) தேயும். சுற்றிலும் நூறு மீட்டருக்குள் உள்ள கட்டடம், மரம் எல்லாவற்றையும்விடக் குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் விசிறி நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது முடியாத இடத்தில் சூரியத் தகடு வைத்துக்கொள்ளுங்கள். அதே பணத்துக்கு அங்கே அதுதான் அதிகம் தரும். இடம் தோதாக இருந்தால் ஒரு காற்றுமானியை மூங்கில் கழியில் கட்டி, ஒரு மாதமாவது காலை, மதியம், இரவு எழுதி வையுங்கள். சராசரி 4 மீட்டருக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். நம் ஊர்ப் பள்ளிக்கரணையிலேயே தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய காற்று வரைபடங்களையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது ஜெனரேட்டர். கார் ஆல்டர்னேட்டரை மாட்டலாமே என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடினால்தான் உருப்படியாகக் கொடுக்கும், அதன் காந்தப்புலத்துக்கே பேட்டரியிலிருந்து கரண்ட் போக வேண்டும். நம் விசிறி மெல்லிய காற்றில் 190 சுற்றுதான் சுற்றும். அதற்கு ஏற்றது தட்டு வடிவ ஜெனரேட்டர். ஸ்காட்லாந்தின் ஸ்கோரேக்கில் வாழும் ஹ்யூ பிகாட் இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர். இரண்டு இரும்புத் தட்டுகளில் காந்தங்கள், நடுவே அசையாமல் நிற்கும் காயில் தட்டு, அவ்வளவுதான்.

25 செ.மீ விட்டம், 8 மி.மீ கனமுள்ள இரண்டு இரும்புத் தட்டுகளை லேத்தில் வெட்டி வாங்குங்கள். சுற்றுவதற்கு, புதுப்பேட்டையில் பழைய காரின் பின்சக்கர ஹப் தாங்கியோடு கிடைக்கும். ஒரு தட்டுக்கு 8 நியோடிமியம் காந்தங்கள், 46×30×10 மி.மீ அளவு. வடக்கு, தெற்கு என்று மாறி மாறி ஒட்ட வேண்டும். இரண்டு தட்டும் எதிரெதிரே நிற்கும்போது வடக்குக்கு நேரே தெற்கு வர வேண்டும். இந்தக் காந்தங்களை லேசாக நினைக்காதீர்கள். இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகே வரக் கூடாது. தட்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது கையால் முயலாமல், மரை போட்ட மூன்று கம்பிகளில் தட்டைத் தாங்க வைத்து, நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்குங்கள்.

காயில் என் துறை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆறு காயில், மூன்று ஃபேஸ். எத்தனை சுற்று என்று யாரோ எழுதியதைப் பார்த்துச் சுற்றாதீர்கள். உங்கள் காந்தத்தின் பலமும் தட்டுகளின் இடைவெளியும் வேறாக இருக்கும். முதலில் 50 சுற்றில் ஒரு சோதனைக் காயில் போடுங்கள். தட்டுகளை லேத்தில் மாட்டி நிமிடத்துக்கு 570 சுற்று வேகத்தில் சுற்றி, காயிலின் ஏசி வோல்ட்டேஜைப் பார்த்து மூன்றால் வகுங்கள். அது நிமிடத்துக்கு 190 சுற்று வேகத்துக்கான வோல்ட்டேஜ். நேரே 190-ல் அளந்தால் அதிர்வெண் மிகக் குறைவு, மலிவான மீட்டர்கள் தப்பாகக் காட்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்க, டையோடு இழப்பையும் சேர்த்து, ஒவ்வொரு காயிலும் அந்த வேகத்தில் 2.85 வோல்ட் தர வேண்டும். சோதனைக் காயில் 2.1 வோல்ட் காட்டினால், 50-ஐ 2.85-ஆல் பெருக்கி 2.1-ஆல் வகுங்கள்: 68 சுற்று.

17-ஆம் கேஜ் எனாமல் செப்புக் கம்பியை இரண்டு இழையாகச் சேர்த்துச் சுற்றுங்கள். ஒரே தடித்த கம்பி மூலைகளில் மடங்க மறுக்கும். ஆறையும் ஒரே திசையில் சுற்றி, ஒரே பக்கம் பார்த்து வட்டமாக அடுக்குங்கள். 1-ன் முடிவு 4-ன் தொடக்கத்தோடு, 2-ன் முடிவு 5-ன் தொடக்கத்தோடு, 3-ன் முடிவு 6-ன் தொடக்கத்தோடு சேரும். 4, 5, 6-ன் முடிவுகளை ஒன்றாக முறுக்கிச் சால்டர் வையுங்கள். 1, 2, 3-ன் தொடக்கங்கள்தான் வெளியே வரும் மூன்று ஒயர்கள். காயில்களை அச்சில் வைத்து ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றுவதற்கு முன் மூன்று ஃபேஸின் மின்தடையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; ரெசின் இறுகிய பிறகு எதையும் பிரிக்க முடியாது.

ரெசினுக்கு காசிமேட்டுக்குப் போங்கள். ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களிடம் ரெசின், கண்ணாடி இழை மேட் எல்லாம் இருக்கும், கைப்பக்குவமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வினைல் எஸ்டர் ரெசின் கிடைத்தால் அதுவே நல்லது, உப்பு ஈரத்தை அது நன்றாகத் தாங்கும். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றது. ப்ளைவுட் அச்சில் மெழுகு தடவி, அடியிலும் மேலும் மேட் வைத்து, 12-13 மி.மீ கனத்தில் வார்த்தெடுங்கள். காந்தத் தட்டுகளுக்கும் இதேபோல் ரெசின் போர்வை வேண்டும். எண்ணூர்க் காற்றில் அது இல்லாத காந்தம் சீக்கிரமே துருப்பிடித்துப் பொங்கும், பொங்கினால் காயிலை உரசும். பொருத்தும்போது காயில் தட்டின் இரு பக்கமும் ஒன்று, ஒன்றரை மி.மீ இடைவெளி இருக்கட்டும்.

இறக்கை மூன்று, ஒவ்வொன்றும் 90 செ.மீ. பிவிசி பைப்பை அறுத்துச் செய்வது சுலபம், ஆனால் நம் வெயிலில் மொறுமொறுத்துப் போகும். துறைமுகத்திலிருந்து வரும் பேக்கிங் பெட்டிகளின் பைன் பலகை பழைய மரக்கடைகளில் கிடைக்கும். கணு இல்லாத, நேர் இழைப் பலகையாகப் பார்த்து எடுங்கள். அடியில் 14 செ.மீ அகலம், 20 டிகிரி சாய்வு. நடுவில் 10 செ.மீ, 8 டிகிரி. நுனியில் 6 செ.மீ, 3 டிகிரி. காற்றைப் பார்க்கும் முகம் தட்டையாகவும் முதுகு உருண்டும் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே எடையில் இருந்தால் மட்டும் போதாது, எந்த நிலையில் நிறுத்தினாலும் விசிறி தானாகத் திரும்பாமல் நிற்க வேண்டும். திரும்பினால், மேலே ஏறும் இறக்கையின் அடியில் ஈயத் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். காற்றை வெட்டும் விளிம்பில் டேப் ஒட்டுங்கள், மணல் அரிக்காது.

வால் வெறும் திசைகாட்டி அல்ல. விசிறியைக் கம்பத்தின் அச்சிலிருந்து சுமார் 10 செ.மீ ஒதுக்கிப் பொருத்தி, வாலை 20 டிகிரி சாய்ந்த கீலில் மாட்டினால், பலத்த காற்றில் விசிறி பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். காற்று தணிந்ததும் வாலின் எடையே அதைத் திரும்பக் கொண்டுவரும். இதை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்.

மூன்று ஒயரும் கீழே வந்ததும் முதலில் பிரேக் சுவிட்ச். மூன்றையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்தால் விசிறி மெல்ல அடங்கும். அப்புறம் ஏசியை டிசியாக மாற்றும் மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோடு. பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ். சாதாரண சோலார் கன்ட்ரோலரை இங்கே போடக் கூடாது. பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டிக்கும். சுமை போன விசிறி கட்டுமீறி ஓடி இறக்கை பறக்கும். மிச்சக் கரண்டை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர்தான் வேண்டும். 5 மீட்டர் காற்று ஆறு மணி நேரம் அடித்தால் சுமார் 240 வாட்-மணி. மூன்று 9 வாட் பல்பு ஐந்து மணி நேரம் எரியும், செல்போன்களும் சார்ஜ் ஆகும். இல்லையென்றால் கரண்ட் குறைவாக இழுக்கும் ஒரு பிஎல்டிசி ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும்.

கம்பம்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மொட்டைமாடியில் நட்டால் அதிர்வு சுவர் வழியாக வீடெங்கும் கேட்கும். தரையில், அடியில் கீல் வைத்த சாய்க்கும் கம்பமாகப் போடுங்கள். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் இழுவைக் கம்பி. மணலில் ஆணி நிற்காது; ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் கான்கிரீட் கட்டையைப் படுக்கவைத்துப் புதைத்து அதிலிருந்து கம்பியை எடுங்கள். கம்பிக் கிளாம்பில் யு-போல்ட் வெட்டு முனைப் பக்கமும், அடித்தகடு பாரம் தாங்கும் கம்பியின் மேலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பிடிமானம் குறையும்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்த உடனே பிரேக்கைப் போட்டு, ஆள் சேர்த்துக் கம்பத்தைச் சாய்த்து, இறக்கைகளைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். காற்று ஏறிய பிறகு கம்பத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, கிளாம்புகளை முறுக்கி, ஹப்புக்குக் கிரீஸ் வைத்துவிட்டு மறுபடி தூக்கி நிறுத்துங்கள்.