தெர்மல் கேமரா சோதனை: குறை கேமராவிலா, மேசையிலா?

தெர்மல் கேமராவைச் சோதிக்கும்போது எண் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கேமராவைத்தான். ஆனால் சோதனை மேசையில் இருக்கும் பிளாக்பாடி (வெப்பநிலையைத் துல்லியமாக வைத்திருக்கும் வெப்ப மூலம்), கொலிமேட்டர் (இலக்கை வெகு தொலைவில் இருப்பதுபோல் காட்டும் அமைப்பு), இலக்குத் தகடு எல்லாமே அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. பார்ப்பவரின் கண்ணும்கூட.

அவசரத்தில் வரும் தவறு மிகச் சாதாரணம். குளிரூட்டல் இல்லாத மைக்ரோபோலோமீட்டர் சென்சார் (வெப்பக் கதிர்களை உணரும் சில்லு), சுவிட்சைப் போட்டவுடன் நிலைப்படாது. கேமரா சூடேறச் சூடேற அளவும் நகர்ந்துகொண்டே போகும். அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். அப்புறம் ஷட்டர் ‘டிக்’கென்று மூடி பிக்சல்களைச் சமன்செய்து திறந்த பிறகு அளவெடுங்கள்.

விவரத்தாளில் என்.இ.டி.டி. 50 மில்லிகெல்வின் (0.05 டிகிரி) என்று போட்டிருந்தால், எந்த லென்ஸில் என்று கேளுங்கள். சென்சாரின் இரைச்சல் எவ்வளவு வெப்பநிலை வேறுபாட்டுக்குச் சமம் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அது லென்ஸின் எஃப் எண்ணின் (குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த எண்) வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எஃப்/1-இல் 50 என்றால் எஃப்/1.4-இல் கிட்டத்தட்ட 100. அதோடு, நேரத்துக்கு நேரம் மாறும் இரைச்சல் மட்டுமே இதில் அடங்கும். படத்தில் அசையாமல் நிற்கும் கோடுகளும் திட்டுகளும் கணக்கில் வராது. எண் நன்றாக இருந்தும் படம் அழுக்காகத் தெரிவது இதனால்தான். அந்த நிலையான இரைச்சலைத் தனியாக அளக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது எம்.ஆர்.டி.டி. சோதனை, அதாவது பார்ப்பவர் பிரித்தறியக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை வேறுபாட்டை அளப்பது. தகட்டில் நான்கு பட்டைகள் வெட்டியிருக்கும். ஒவ்வொன்றும் அகலத்தைப்போல் 7 மடங்கு நீளம். பின்னால் பிளாக்பாடி. வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, நான்கும் தனித்தனியாகத் தெரியும் கடைசி அளவைக் குறிக்கிறோம். பலர் பட்டைகள் சூடாக இருக்கும் பக்கத்தை மட்டும் அளந்து முடித்துவிடுகிறார்கள். குளிர்ந்த பக்கத்தையும் அளந்தே ஆக வேண்டும். சூடான பக்கம் +0.14 டிகிரி, குளிர்ந்த பக்கம் −0.10 டிகிரி வந்தால், உண்மை அளவு இரண்டுக்கும் நடுவிலான தூரத்தில் பாதி, அதாவது 0.12. மீதி 0.02 மேசையின் பிழை. ஒரு பக்கம் மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பிழையைக் கேமராவின் தலையில் கட்டியிருப்போம். கொலிமேட்டரின் எதிரொளிக்கும் கண்ணாடிகளில் போகும் இழப்பையும் கழியுங்கள். 95 சதவீதம்தான் வந்து சேர்கிறது என்றால் 0.12 என்பது 0.114 ஆகும்.

பார்ப்பவர் விஷயத்திலும் கவனம் தேவை. பட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர், தெரியாத பட்டையையும் ‘தெரிகிறது’ என்பார். ஒருவரை மட்டும் நம்பாமல் குறைந்தது மூன்று பேரை உட்காரவையுங்கள். திரையின் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் அவர்களே திருகிக்கொள்ளட்டும்.

எம்.டி.எஃப். (நுண்ணிய விவரங்களின் கான்ட்ராஸ்ட் படத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் வளைவு) அளக்கும்போது படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருளை அணைத்துவிடுங்கள். வளைவு 1-ஐத் தாண்டினால், நீங்கள் அளப்பது லென்ஸை அல்ல, மென்பொருளை.

கேமராவுக்கு முன்னால் சாதாரண ஜன்னல் கண்ணாடி வைக்கவே கூடாது. 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைகள் அதன் வழியே வராது.

கடைசியாக, ‘இத்தனை கிலோமீட்டர் தெரியும்’ என்ற வரி. அதன் பின்னால் பெரும்பாலும் 1958-இல் ஜான் ஜான்சன் முன்வைத்த அளவுகோல் இருக்கும்; இலக்கின் குறுக்கே எத்தனை கோட்டு இணைகள் பிரிந்து தெரிகின்றன என்பதை வைத்து அது கணக்கிடுகிறது. அந்தத் தூரத்தில் இலக்கை இனம்காண 50 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். வாங்குபவருக்கு அறிக்கை எழுதும்போது அந்த 50-ஐயும் தூரத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.